வெட்டின் அகலமும் ஆயுளின் நீளமும்: ஆசனவாய் மெலனோமா குறித்த அறுவை அனுபவங்கள்

ஆசனவாயிலும் அதையொட்டிய மலக்குடலின் கடைசிச் சில சென்டிமீட்டரிலும் தோன்றும் புற்றுநோய்களில், மெலனோமா எனப்படும் நிறமிச் செல் புற்று ஏறத்தாழ நூற்றில் ஒன்று என்ற அளவிலேயே காணப்படுகிறது. உலகளவில் மெலனோமாக்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டாலும், உடலின் இந்த இடத்தில் தோன்றுபவை நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவைத் தாண்டுவதில்லை. 1857ஆம் ஆண்டு லான்செட் இதழில் மூர் என்ற மருத்துவர் இந்நோயை முதன்முதலில் பதிவு செய்தார். 65 வயதான ஒருவரின் ஆசனவாய் விளிம்பிலிருந்து ஒருமுறை வெட்டியெடுக்கப்பட்ட கருங்கட்டி மலக்குடலில் மறுபடியும் வளர்ந்ததைப் பற்றிய பதிவு அது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் இந்நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்வோரை வாட்டும் கேள்வி அந்த முதல் பதிவிலேயே இருக்கிறது: எவ்வளவு வெட்டினால் போதும், எவ்வளவு வெட்டினாலும் போதாது என்பது எப்போது?

மெலனோமா என்றதும் வெயிலில் காய்ந்த வெள்ளைத் தோல் நினைவுக்கு வருவது மேலைநாட்டுப் பாடநூல்களின் விளைவு. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் தோலில் மட்டுமல்லாமல் கண்ணிலும் மூக்கின் உட்புறத்திலும் பெண்குறியின் சவ்விலும் ஆசனவாய்க் குழாயிலும் உள்ளன; நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள அக்குழாயின் நடுவில், மேற்புறத்து மலக்குடல் சவ்வும் கீழ்ப்புறத்துத் தோல் வகைச் சவ்வும் சந்திக்கும் பற்கோட்டின் அருகில் அவை திரண்டிருக்கின்றன. வெயிலே படாத இவ்விடத்தில் தோன்றும் புற்றுக்கு வெயில் காரணமாக முடியாது. வேறு காரணமும் இதுவரை நிறுவப்படவில்லை. தோல் மெலனோமா இந்தியரிடம் மிகக் குறைவு என்பதால், இங்கே வரும் மெலனோமா நோயாளிகளில் உள்ளங்காலில் கட்டி உள்ளவர்களுக்கு அடுத்தபடியாக ஆசனவாயில் கட்டி உள்ளவர்கள் எண்ணிக்கையில் நிற்பதை இந்திய மருத்துவமனைத் தொகுப்புகள் பலவற்றில் காணலாம். ஆகவே உலகக் கணக்கில் அரிதான நோய் இந்திய மெலனோமா மருத்துவத்தின் ஓரத்தில் இல்லை, நடுவிலேயே இருக்கிறது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி என நீளும் சென்னையின் தென்புறநகரில் இந்நோய் பெரும்பாலும் வேறொரு பெயரில்தான் மருத்துவரிடம் வந்து சேர்கிறது, அப்பெயர் மூலம். மலம் கழிக்கும்போது ரத்தம் போவது, சதை வெளியே தள்ளுவது, உட்கார்ந்தால் உறுத்துவது, போய்வந்த பிறகும் இன்னும் போகவேண்டும் போல் இருப்பது என்று நோயாளி சொல்லும் குறிகள் அனைத்தும் மூலத்துக்கும் பொருந்தும், மெலனோமாவுக்கும் பொருந்தும். அறுபது வயதையொட்டிய ஒருவருக்கு இக்குறிகள் வந்தால் வீட்டிலுள்ளோர் முதலில் சொல்வது உடம்புச் சூடு என்பதே. மோரும் இளநீரும் கொடுப்பார்கள். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவார்கள். கருணைக்கிழங்கு லேகியம் வாங்கி வைப்பார்கள். காரத்தையும் கோழிக்கறியையும் நிறுத்துவார்கள். இவை மூலத்துக்கு இதம் தருபவை என்பதில் ஐயமில்லை. மூலம்தானா என்று யாரும் விரலிட்டுப் பார்க்காத நிலையில் அந்த இதம் மாதங்களை விழுங்கிவிடுகிறது.

இதற்கு அடுத்த படி சுவர் விளம்பரம். புறநகர் ரயில் நிலையங்களின் வெளிச்சுவர்களிலும் ஜி.எஸ்.டி. சாலையின் மின்கம்பங்களிலும் கத்தியின்றி, ரத்தமின்றி மூலம், பவுத்திரம், வெடிப்பு குணப்படுத்தப்படும் என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்க்காமல் இப்பகுதியில் யாரும் வேலைக்குப் போய்த் திரும்பிவிட முடியாது. இவ்விளம்பரங்களின் பின்னால் இருப்போரில் முறையாகப் பயின்றவர்களும் உண்டு, பயிலாதவர்களும் உண்டு. சித்த மருத்துவத்தில் மூலம் பழைய, விரிவான துறை. தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மருந்து ஏற்றிய நூலைக் கொண்டு பவுத்திரத்தை அறுக்கும் காரநூல் சிகிச்சை முறைப்படி செய்யப்படுகிறது. குறை எந்த மருத்துவ முறையையும் சார்ந்தது அன்று. பரிசோதனை இல்லாமல் தொடங்கும் சிகிச்சையே குறை. அது அலோபதி மருத்துவமனைகளிலும் அதே அளவுக்கு நிகழ்கிறது என்பதை அறுவை மருத்துவர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொள்வார்கள்.

இக்கட்டுரையாளரின் பணிவாழ்வில் மிகவும் வருத்தம் தந்தவை, ஏற்கெனவே எங்கோ மூலம் என்று சிகிச்சை பெற்று, கையில் ஒரு துண்டுச் சதைப் பரிசோதனை அறிக்கைகூட இல்லாமல் வந்தவர்களின் நிலைமைகளே. ஒருவருக்கு ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். இன்னொருவருக்கு ஊசி போட்டிருப்பார்கள். அண்மைக் காலத்தில் லேசர் என்று சொல்லிக் கட்டியை எரித்தே விட்டிருப்பார்கள். எரிந்த சதையை நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. வெட்டியெடுத்த சதையையும், பார்த்தாலே மூலம்தானே என்ற நினைப்பில், குப்பைக்கு அனுப்பிய மருத்துவமனைகள் உண்டு; ஐந்தாறு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி சதை வளர்ந்து, கவட்டையில் நெறியும் கட்டியபிறகு நோயாளி வரும்போது, முதல் கட்டி எவ்வளவு ஆழம் போயிருந்தது, விளிம்பில் புற்று மிஞ்சியிருந்ததா என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல எதுவும் கையில் இருப்பதில்லை. ஃபார்மலின் ஊற்றிய ஒரு சிறு டப்பாவும் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு சீட்டும் அந்த விடையைக் காப்பாற்றியிருக்கும். மூலமென்று வெட்டிய சதை ஒவ்வொன்றையும் நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்பதில் விதிவிலக்கு இருக்கக்கூடாது என்பதே இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

விரல் பரிசோதனை இங்கே செலவற்ற, ஆனால் தட்டிக்கழிக்கப்படும் கருவி. நோயாளி இடப்பக்கம் சாய்ந்து, முழங்கால்களை மார்பை நோக்கி மடக்கிப் படுத்துக்கொள்கிறார். கையுறையிட்ட சுட்டுவிரல் ஜெல்லி தடவி மெல்ல உள்ளே செல்கிறது. உள்மூலம் சாதாரணமாக விரலுக்குத் தட்டுப்படாது, ஏனெனில் அது ரத்தம் நிறைந்த மெத்தென்ற திசு, அழுத்தினால் அமுங்கிவிடும். மெலனோமாவோ அமுங்காது. காம்புள்ள காளான் வடிவிலோ தட்டையான மேடாகவோ விரலின் அடியில் ஒரு கெட்டித்தன்மை நிற்கும்; விரலை வெளியே எடுத்தால் நுனியில் கருஞ்சிவப்பு ஒட்டியிருக்கும். அதன் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. ரத்தம் உறைந்த மூலமும் கருநீலமாகத்தான் தெரியும். மறுபுறம், இவ்விடத்து மெலனோமாக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று நிறமே இல்லாதவை, வெளிர் சிவப்பாகச் சாதாரணச் சதைத்திரள் போலவே இருப்பவை. பெண் நோயாளிகள் ஆண் மருத்துவரிடம் இப்பரிசோதனைக்குச் சம்மதிக்கத் தயங்குவதும், மருத்துவரே கூட்டத்தைப் பார்த்து அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவிடுவதும் சேர்ந்து, இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம் வருகிறது என்ற உண்மையை இன்னும் கொடுமையாக்குகின்றன.

நிறமற்ற வகை நோய்க்குறியியலாரையும் ஏமாற்றக்கூடியது. நுண்ணோக்கியில் அது நிணநீர்ப் புற்றாகவும், உருவம் கெட்ட சாதாரண மலக்குடல் புற்றாகவும், குடல் தசையடுக்குக் கட்டியாகவும் தோற்றம் காட்டும். எஸ்–100, எச்.எம்.பி.–45, மெலன்–ஏ என்னும் சிறப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்த பிறகே பெயர் உறுதியாகும். புறநகரின் சிறு பரிசோதனைக் கூடங்களில் இச்சாயங்கள் எப்போதும் இருப்பதில்லை; கட்டியைப் பாரஃபின் மெழுகில் பதித்த பிளாக்கை நகரத்துப் பெரிய கூடத்துக்கு அனுப்பவேண்டியிருக்கும்; அதற்குப் பத்து நாள் போய்விடும். அந்தப் பத்து நாளைக் காத்திருக்காமல் மலக்குடல் புற்று என்று நினைத்துக் கதிர்வீச்சும் மருந்தும் தொடங்கிவிடுவதைவிடக் காத்திருப்பதே நல்லது.

பெயர் உறுதியானதும் நோய் எங்கெங்கே போயிருக்கிறது என்று தேடவேண்டும். மெலனோமா ரத்தக் குழாய்களின் வழியே விரைந்து பரவக்கூடியது. கல்லீரல், நுரையீரல், எலும்பு, மூளை எதையும் விடாது. மருத்துவரிடம் முதன்முதலில் வரும்போதே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொலை உறுப்பில் பரவல் இருக்கிறது. இவ்விடத்து மெலனோமாவுக்கெனத் தனியான, யாவரும் ஏற்ற விரிவான நிலைப்பகுப்பு இல்லாததால், கட்டி தோன்றிய இடத்தோடு நின்றது, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போனது, தொலைவில் பரவியது என்ற எளிய மூன்று நிலைகளையே மருத்துவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்துகிறார்கள். நோயாளியின் ஆயுளைப் பற்றி உண்மையில் எதையேனும் சொல்லக்கூடியது இந்த நிலைதான். மொத்த நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் பாதிப்பேர் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் பெரும்பாலான தொகுப்புகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு.

இவ்வளவு மோசமான எண்களுக்கு முன்னால் நிற்கும் அறுவை மருத்துவர் பெரிய வெட்டை நாடியதில் வியப்பில்லை. அந்தப் பெரிய வெட்டு லண்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் மைல்ஸ் 1908ஆம் ஆண்டு மலக்குடல் புற்றுக்காக வெளியிட்ட முறை. மருத்துவர் பேச்சில் ஏ.பி.ஆர். எனப்படுவது. வயிற்றைத் திறந்து மலக்குடலை அதைச் சுற்றிய கொழுப்புறையோடும் அதிலுள்ள நிணநீர் முடிச்சுகளோடும் விடுவித்து, பின்னர் ஆசனவாயின் புறத்திலிருந்தும் வெட்டி, மலக்குடல், ஆசனவாய், மலத்தை அடக்கிவைக்கும் சுருக்குத் தசைகள் அனைத்தையும் ஒரே துண்டாக நீக்கிவிடுவார்கள். ஆசனவாய் இருந்த இடம் நிரந்தரமாகத் தைத்து மூடப்படும். பெருங்குடலின் அறுபட்ட முனை இடப்பக்க அடிவயிற்றில் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைக்கப்படும். ஸ்டோமா எனப்படும் இக்குடல்வாயின் மேல் ஒட்டும் பையில்தான் வாழ்நாள் முழுதும் மலம் சேரும். கீழ்ப்புறக் காயம் ஆற வாரக்கணக்கில் ஆகலாம்; இடுப்புக்குள் ஓடும் நரம்புகள் காயப்பட்டால் சிறுநீர் கழிப்பதும் ஆண்களின் பாலுறவுத் திறனும் பாதிக்கப்படலாம்.

இந்த அறுவைக்கு முந்தைய நாள் செய்யப்படும் ஒரு சிறு வேலை, பாடநூல்களில் ஓரிரு வரியில் முடிந்துபோவது, தென்புறநகர் நோயாளிகளிடம் தனிக் கவனம் கேட்கிறது. குடல்வாய் எங்கே வரவேண்டும் என்று வயிற்றில் மையால் புள்ளி வைக்கும் வேலை அது. படுத்திருக்கும் நோயாளியின் வயிற்றில் வைத்த புள்ளி அவர் எழுந்து உட்கார்ந்ததும் மடிப்புக்குள் மறைந்துவிடும். ஆகவே நிற்கவைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, குனியவைத்து, தரையில் சம்மணமிட்டு உட்காரவைத்துப் பார்க்கவேண்டும். பெண்களுக்குப் பாவாடை நாடா இறுகும் கோடும் புடவைக் கொசுவம் செருகும் இடமும், ஆண்களுக்கு வேட்டியோ லுங்கியோ முடிச்சிடும் இடமும் பெல்ட் விழும் கோடும் எங்கே என்று அவர்களையே கட்டிக்காட்டச் சொல்லி, அந்தக் கோட்டுக்குக் கீழே, நேர்வயிற்றுத் தசையின் மேலே, நோயாளி தன் கண்ணால் பார்க்கக்கூடிய சமதளத்தில் புள்ளி வைக்கவேண்டும். மேலைநாட்டுப் படங்களைப் பார்த்துப் பேண்ட் அணிபவருக்கென வைத்த புள்ளி, புடவை கட்டும் பெண்ணுக்கு நாடாவின் அடியில் அகப்பட்டுக்கொண்டால், பை நாளுக்கு இரண்டுமுறை பிய்ந்துவரும். மே மாதத்து வியர்வையில் ஒட்டுத்தளம் எப்படியும் சீக்கிரம் இளகும். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை நெரிசலில் நின்றுகொண்டே போகும் மின்ரயில் பயணத்தில் அது இளகினால் அந்த மனிதர் மறுநாள் வேலைக்குப் போகமாட்டார். தினமும் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வெதுவெதுப்பான நீரைக் குடல்வாய் வழியே செலுத்திக் குடலைக் கழுவிவிட்டால் மீதிப் பொழுதைப் பை நிறையாமல் கழிக்கலாம் என்பது பலருக்கு நல்ல வழி. ஆனால் கோடையில் டேங்கர் லாரியை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைக்கும் தெருக்களில் அந்த ஒரு லிட்டரையும் கணக்குப் பார்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

இத்தனையையும் நோயாளியிடம் கேட்பதென்றால் பதிலுக்கு ஆயுள் கூடவேண்டும். கூடுகிறதா என்பதே கேள்வி. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 1995இல் வெளியிட்ட, அறுபதாண்டுக்கு மேற்பட்ட காலத்தைத் தழுவிய 85 நோயாளிகளின் தொகுப்பில் நெடுங்காலம் வாழ்ந்த சிலரில் பெரும்பாலோர் ஏ.பி.ஆர். செய்துகொண்டவர்களாக இருந்தார்கள், அதனால் கட்டி சிறிதாக, பரவாமல் இருக்கும்போது பெரிய வெட்டே தக்கது என்ற கருத்து வலுப்பெற்றது. அதே மருத்துவமனை 2006இல் மீண்டும் தன் நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது முடிவு மாறிவிட்டது: நோயினால் இறக்காமல் ஐந்தாண்டு கடந்தவர்கள் ஏ.பி.ஆர். செய்துகொண்டோரில் நூற்றுக்கு 34, கட்டியை மட்டும் அகலமாக வெட்டி நீக்கிக்கொண்டோரில் நூற்றுக்கு 35. பின்னர் 2020இல் பல நாட்டு ஆய்வுகளின் ஏறத்தாழ ஆயிரம் நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பகுப்பாய்விலும் பெரிய வெட்டு ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை.

இவ்வெண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. இரண்டு அறுவைகளையும் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்து ஒப்பிட்ட சோதனை எதுவும் இந்நோயில் நடக்கவில்லை. நோய் இவ்வளவு அரிதாக இருக்கையில் நடப்பது கடினம். பெரிய கட்டி உள்ளவருக்குப் பெரிய வெட்டும் சிறிய கட்டி உள்ளவருக்குச் சிறிய வெட்டும் மருத்துவர் தேர்ந்து செய்தவை என்பதால், எந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்பதே விடையைச் சாய்த்திருக்கக்கூடும். இருந்தாலும், நாடு நாடாக, பத்தாண்டு பத்தாண்டாக ஒரே விடை திரும்பத் திரும்ப வருவதை அலட்சியப்படுத்த முடியாது. காரணமும் விளங்காததன்று: பெரும்பாலோரைக் கொல்வது ஆசனவாயில் மீண்டும் வளரும் கட்டி அல்ல, அறுவைக்கு முன்பே கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துவிட்ட செல்கள்; இடுப்பில் எவ்வளவு வெட்டினாலும் அவற்றை எட்ட முடியாது.

ஆனால் இதிலிருந்து எப்படி வெட்டினாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வருவது பெரும் பிழை. சுவீடன் நாட்டின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து 251 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரை, வெட்டு விளிம்பில் புற்று மிஞ்சாதவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 19 என்றும், மிஞ்சியவர்களில் நூற்றுக்கு 6 என்றும் காட்டியது. ஆக, அகற்றிய துண்டின் பருமனைவிட அதன் ஓரத்தின் தூய்மை முக்கியம். சென்னைக்கு மிக அருகிலான சான்று, 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மையத்திலிருந்து 2008இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் கேன்சர் இதழில் வெளியானது. நம் நோயாளிகள் வந்துசேரும் நிலையை நன்கறிந்த அம்மருத்துவர்கள் எடுத்துக்கொண்ட பொருளும், இடுப்புக்குள் நோயை எப்படிச் சிறப்பாகக் கட்டுப்படுத்துவது என்பதே. அக்கட்டுப்பாட்டின் மதிப்பை உணர, கட்டுப்படாத நோயைப் பார்த்திருக்கவேண்டும். ஆசனவாயை அடைத்துக்கொண்டு புண்ணாகி ரத்தமும் நீரும் ஒழுகும் கட்டியோடு, உட்காரவும் படுக்கவும் முடியாமல், நாற்றத்துக்கு அஞ்சி வீட்டின் பின்னறையில் ஒதுங்கியிருக்கும் நோயாளிக்கு ஆயுள் ஆறு மாதமே என்றாலும், அந்த ஆறு மாதத்தையாவது புண்ணில்லாமல் கழிக்கச் செய்வது அறுவை மருத்துவத்தின் கடமைக்குள் வருவதுதான்.

எனவே இக்கட்டுரையாளர் காலப்போக்கில் வந்துசேர்ந்த நடைமுறை இது. சுருக்குத் தசைக்குள் ஊடுருவாத, ஒரு சென்டிமீட்டர் அளவேனும் நல்ல சதையைச் சுற்றிலும் சேர்த்து முழு ஆழத்துக்கு எடுக்க இடம்தரும் கட்டியாக இருந்தால் அகல வெட்டு; தசையைச் சூழ்ந்தோ வட்டத்தின் பெரும்பகுதியைப் பிடித்தோ வளர்ந்து, தூய விளிம்பு கிடைக்காது என்று எம்.ஆர்.ஐ. படமும் விரலும் ஒருமித்துச் சொல்லும் கட்டியாக இருந்தால் ஏ.பி.ஆர்.; தொலைவில் பரவியிருந்தால், ரத்தப்போக்கையோ அடைப்பையோ தீர்க்கத் தேவையான சிறு வெட்டோ தற்காலிகக் குடல்வாயோ மட்டும். அகல வெட்டைச் சிறிய அறுவை என்று நினைத்து அவசரமாக முடிப்பதுதான் இதில் உள்ள ஆபத்து. நோயாளியைக் கட்டி இருக்கும் பக்கத்துக்கேற்பக் குப்புறவோ மல்லாத்தியோ கிடத்தி, விளிம்பைச் சூட்டுக்கருவியால் முன்கூட்டியே வரைந்துகொண்டு, துண்டு துண்டாகப் பிய்க்காமல் ஒரே துண்டாக எடுக்கவேண்டும். எடுத்ததை அப்படியே டப்பாவில் போட்டால் ஃபார்மலினில் சுருங்கி எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் போகும். ஆகவே தெர்மாகோல் பலகையில் அதை விரித்து, குண்டூசி குத்தி, பன்னிரண்டு மணித் திசையில் நீள நூலும் மூன்று மணித் திசையில் குட்டை நூலும் கட்டி, பலகையிலேயே பென்சிலால் எழுதி அனுப்பவேண்டும். நோய்க்குறியியலார் அதன் ஓரங்களுக்கு மை தடவி அறுத்துப் பார்த்து, ஐந்து மணித் திசையில் விளிம்பு நெருங்கியிருக்கிறது என்று சொன்னால், அந்த ஓரிடத்தை மட்டும் திரும்ப வெட்டிவிடலாம். திசை தெரியாத துண்டாக இருந்தால் முழுவதையும் சந்தேகிக்கவேண்டும்.

அகல வெட்டுக்குப் பின் கதிர்வீச்சு சேர்ப்பதற்கு ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தின் இருபதாண்டு அனுபவம் நல்ல ஆதாரம். அங்கே 54 நோயாளிகளுக்குத் தசையைக் காத்து வெட்டியபின் ஒவ்வொரு முறையும் அதிக அளவாக, மொத்தம் ஐந்தே முறைகளில் 30 கிரே கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஐந்தாண்டு வரை அவ்விடத்தில் நோய் திரும்பாதவர்கள் நூற்றுக்கு 82. ஆனால் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 30தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரம்தான் இந்நோய். கவட்டை நிணநீர் முடிச்சுகளில் நோய் தெரிந்தால் நீக்கலாம். தெரியாதபோதே முன்கூட்டி நீக்குவது ஆயுளைக் கூட்டியதற்குச் சான்றில்லை, காலில் தீராத வீக்கத்தையே தரும்.

அந்தத் தூரத்தைக் குறைக்கும் முதல் நம்பிக்கை கத்தியிடமிருந்து வரவில்லை, மருந்திடமிருந்து வந்தது. உடலின் எதிர்ப்புச் செல்களுக்குப் புற்று போட்டுவைத்த பூட்டைத் திறக்கும் இபிலிமுமாப் 2011இலும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014இலும் அமெரிக்காவில் மெலனோமாவுக்கு அனுமதி பெற்றன. சவ்வுகளில் தோன்றும் மெலனோமாவுக்கு இவை தோல் மெலனோமாவுக்குத் தரும் அளவு பலன் தருவதில்லை: 2017இல் வெளியான தொகுப்பாய்வில் நிவோலுமாப் தனியாகக் கொடுத்தபோது கட்டி சுருங்கியவர்கள் தோல் வகையில் நூற்றுக்கு 41 பேர், சவ்வு வகையில் 23 பேர், இபிலிமுமாபோடு சேர்த்துக் கொடுத்தபோது தோல் வகையில் 60, சவ்வு வகையில் 37. இந்த 37 என்பது பழைய வேதிமருந்துகள் கனவிலும் காட்டாத எண். சவ்வு மெலனோமாக்களில் ஒரு சிறு பங்கினருக்குக் கிட் என்னும் மரபணுவில் மாற்றம் இருக்கும். அவர்களுக்கு ரத்தப் புற்றுக்குத் தரும் இமாடினிப் மாத்திரை சில காலம் வேலை செய்யக்கூடும். அது இந்தியாவில் நெடுநாளாக மலிவாகத் தயாராகும் மருந்து என்பதால் அந்த மரபணுச் சோதனையைக் கேட்டு வாங்குவது வீண்செலவாகாது.

எதிர்ப்புச் சக்தி மருந்துகளின் விலை வேறு கதை. தமிழ்நாட்டில் 2009 முதல் நடைமுறையில் உள்ள அரசுக் காப்பீடு பெரிய அறுவையின் செலவைத் தாங்குகிறது. 2018இல் மத்தியத் திட்டத்தோடு இணைந்தபின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற வரம்பும் உண்டு. ஆனால் அயல்நாட்டு நிறுவனத்தின் மருந்தை முழு அளவில் மூன்று வாரத்துக்கொருமுறை ஏற்ற அந்த வரம்பு சில மாதங்கள்கூடத் தாங்காது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலை–கழுத்துப் புற்றில் நிவோலுமாபை வெறும் 20 மில்லிகிராம் அளவில் கொடுத்து, ஓராண்டு வாழ்ந்தோரை நூற்றுக்கு 16இலிருந்து 43ஆக உயர்த்திக் காட்டியது 2023இல் வெளியானதிலிருந்து, மெலனோமா நோயாளிகளின் பிள்ளைகளும் அந்தக் குறைந்த அளவைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்த முடிவு வேறு புற்றுக்கு உரியது. மெலனோமாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்று சொல்லவேண்டியிருக்கிறது. வேறு எதுவும் வாங்க முடியாத குடும்பத்திடம் அதைச் சொல்வது எளிதன்று. அரிய நோய்களுக்கும் இத்தகைய ஆய்வை நம் நாட்டு மையங்கள் ஒன்றுசேர்ந்து நடத்தவேண்டும்; வெளிநாடுகள் இதைச் செய்துதரப் போவதில்லை, ஏனெனில் விலைச்சுமை அங்கே இப்படி அழுத்துவதில்லை.

அறுவைக்கு முன் நோயாளியிடம் பேசும் பொழுது தனியாகக் குறிப்பிடத்தக்கது. இப்பகுதியில் பெரும்பாலும் மகனோ மருமகனோ முன்னால் வந்து, அப்பாகிட்ட புத்துநோய்னு சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டாரு என்பார். கெடுநினைப்பில் சொல்வதல்ல அது. ஆனால் ஆசனவாயை மூடி வயிற்றில் பை ஒட்டும் அறுவைக்கு அந்த மனிதரே கையெழுத்திடவேண்டும். எதற்காக என்று தெரியாமல் இட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகாது. மூலம் முற்றிவிட்டது என்று சொல்லி ஏ.பி.ஆர். செய்யப்பட்ட ஒருவர் மயக்கம் தெளிந்து தன் வயிற்றைத் தடவிப் பார்ப்பதைவிடக் கொடிய ஏமாற்று மருத்துவத்தில் குறைவு. குடும்பத்தையும் வைத்துக்கொண்டு, நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு, பெரிய வெட்டு ஆயுளைக் கூட்டும் என்று உறுதிசொல்ல முடியாது, புண்ணில்லாமல் வைக்கும் என்று சொல்ல முடியும் என்பதை அதே சொற்களில் சொன்னால், பலர் எதிர்பார்த்ததைவிட நிதானமாக முடிவெடுக்கிறார்கள். இக்கட்டுரையாளர் கண்டவரை, எழுபதைக் கடந்த முதியவர்கள் பையை மறுப்பது மிகுதி. நடுவயதுப் பெண்கள் பிள்ளைகளின் படிப்பையும் கல்யாணத்தையும் கணக்கிட்டு எதையும் ஏற்றுக்கொள்வது மிகுதி. அவர்களிடம் எண்களை இன்னும் ஒருமுறை நிதானமாக விளக்குவது மருத்துவரின் பொறுப்பு, ஏனெனில் அவர்கள் ஏற்றுக்கொள்வது பல வேளைகளில் அறுவை தராத ஒன்றை நம்பித்தான்.

அறுவைக்குப் பிந்தைய இரண்டு மூன்று ஆண்டுகள் மூன்று மாதத்துக்கொருமுறை விரல் பரிசோதனையும், இரு கவட்டைகளையும் தடவிப் பார்ப்பதும், வசதிக்கேற்ப சி.டி. அல்லது பெட் ஸ்கேனும் தொடரவேண்டும். நோயாளிகள் இக்காலத்தில் ஒரே மருத்துவமனையில் நிற்பதில்லை. குரோம்பேட்டையில் வெட்டியவர் கதிர்வீச்சுக்கு அடையாறு போவார். காப்பீட்டுக்காக ராயப்பேட்டைக்கோ காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ போவார். கடைசியில் சொந்த ஊரான திண்டிவனத்துக்கோ செய்யாறுக்கோ திரும்புவார். ஆகவே டிஸ்சார்ஜ் நாளில் அறிக்கையின் நகலை மட்டும் கொடுத்தனுப்பினால் போதாது. மெழுகில் பதித்த கட்டியின் பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் உரிய ரசீதோடு கொடுத்து, வெயிலில் வைத்தால் மெழுகு உருகிவிடும், பீரோவுக்குள் வையுங்கள் என்று வீட்டாரிடம் சொல்லி அனுப்பவேண்டும். ஓராண்டு கழித்து வேறொரு மருத்துவமனையில் கிட் மரபணுவைச் சோதிக்கவேண்டும் என்று யாராவது சொன்னால், அதற்குத் தேவைப்படுவது அந்தப் பிளாக்தான்.